விமானி அறையின் மடக்கு இருக்கையும் உங்கள் நாரியும்

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். துணை விமானியாகச் சேர்ந்திருக்கிறாராம். பறக்க விடுவதற்கு முன் சில நாட்கள் ஜம்ப்சீற்றில், அதாவது விமானி அறையின் பின் இருக்கையில், இருந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆள் ஆறடிக்கு மேல், ஏற்கெனவே நாரிப்பிடிப்பு. "நாலு மணித்தியாலம் அதில எப்படி இருக்கிறது, தலையணை கொண்டு போகலாமா, கொஞ்சம் கண் அயரலாமா?" என்று கேட்கிறார்.

முதலில் எந்த விமானம் என்று விசாரியுங்கள். போயிங் 737 என்றால் மனதைத் தயார் பண்ணிக்கொண்டு போங்கள், ஏனென்றால் அது கதவடியில் மடித்து வைக்கிற சின்ன இருக்கை, முதுகு நேராக நிற்கும், சாய்க்க முடியாது, உங்கள் உயரத்துக்கு முழங்கால் நடுப்பீடத்தில், அதாவது இரண்டு விமானிகளுக்கும் நடுவே உள்ள கருவிப் பீடத்தில், முட்டும், அதோடு யாராவது கழிவறைக்குப் போக எழும்பினால் நீங்களும் எழும்பி அதை மடித்து வழிவிட வேண்டும். பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்தில் எஞ்சின் பெட்டிமேல் இருந்து கொழும்புக்குப் போனவருக்கு இது விளங்கும். எயார்பஸ் ஏ320 பரவாயில்லை, அறை அகலம், வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும் இருக்கையை நடுவுக்கு நகர்த்திக்கொள்ளலாம். ஏ330, போயிங் 777 போன்ற பெரிய விமானங்களில் உங்களுக்குக் கவலையே வேண்டாம்.

கண் அயர்வதா? வேண்டாம். அமெரிக்க விதிகளில் விமானிகளுக்கான ஓய்வு இருக்கைகளில் ஆகக் கீழான மூன்றாம் தரம்கூட 40 பாகையாவது சாய வேண்டும், காலுக்கும் பாதத்துக்கும் தாங்கல் இருக்க வேண்டும். 737இன் மடக்கு இருக்கை அதற்குக் கிட்டவும் வராது. அது பரிசோதகருக்கும் பயிலுநருக்கும் பார்க்கவென்று செய்த இடம், பார்க்கிறவரால் பயனும் உண்டு. 2018 ஒக்ரோபர் 28 இரவு லயன் எயாரின் 737 மக்ஸ் ஒன்று மூக்கைக் கீழே தள்ளத் தொடங்கியபோது, காரணத்தைப் பிடிக்க உதவியவர் அந்தப் பின் இருக்கையில் இருந்த மூன்றாவது விமானிதான், விமானம் பத்திரமாக ஜகார்த்தாவில் இறங்கியது. அதே விமானம் அடுத்த நாள் காலை வேறு குழுவோடு கடலில் விழுந்தது.

தலையணை விஷயத்தில், தடித்த மெத்தை ஒன்றும் வேண்டாம். அதன்மேல் இருந்தால் இடுப்புப் பட்டி சரியான இடத்தில் பிடிக்காது, சடுதியாக நிறுத்தினால் உடம்பு பட்டிக்குக் கீழே வழுக்கும். ஒரு சின்னத் துவாயைச் சுருட்டி நாரிக் குழிவுக்குள் வையுங்கள், போதும். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதியட்டும், கணுக்காலை அடிக்கடி மடக்கி நீட்டுங்கள். எழும்பி நிமிர்வது உயரத்துக்குப் போன பிறகு, அதுவும் கப்டனிடம் கேட்டுவிட்டு. 10,000 அடிக்குக் கீழே தேவையில்லாத கதையும் அசைவும் கூடாது. காற்று மிக வரண்டது, தண்ணீர் குடியுங்கள், ஆனால் போத்தலை மூடி வையுங்கள். உங்களுக்கு நேர் முன்னால்தான் நடுப்பீடம். 2019இல் ஒரு ஏ330 விமானத்தில் கோப்பி சிந்தி ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகை சூடேறிப் புகைந்து, அத்திலாந்திக்குக்கு மேலே போனவர்கள் அயர்லாந்தின் ஷனனுக்குத் திரும்ப வேண்டி வந்தது. ஏறியவுடன் ஒட்சிசன் முகமூடியையும் ஹெட்செட்டையும் சரிபார்க்க மறக்காதீர்கள், சௌகரியம் அதற்குப் பிறகு.

சரி, நீங்கள் கேட்காத ஒன்று. கடிதத்தின் கடைசியில், இரவு பஸ்ஸில் வெளிக்கிட்டு விடியக் கட்டுநாயக்காவில் இறங்கி அப்படியே வேலைக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் உங்கள் நாரியை முறிப்பது ஏ9 வீதியில் அந்த இரவுதான், விமானத்தின் இருக்கை மிச்சத்தைச் செய்கிறது. முதல் நாள் பகல் ரயிலில் போங்கள், நீர்கொழும்பில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அங்கே படுத்து எழும்புங்கள். நாரி நோ காலுக்கு இறங்கினால், விறைத்தால், மருத்துவரைப் பார்க்காமல் ஏறவே கூடாது. பிறகு, வேலை முடிந்து வெறும் பயணியாகத் திரும்பும் நாளில் பயணிகள் பகுதியில் இடமிருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.