இரண்டு பேக்லாக்கும் ஒரு போலி டிகிரியும்

அன்புள்ள அம்மா,

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வாடகை வீடு. கணவருக்கு அடுத்த வருடம் ரிட்டயர்மெண்ட். மகனுக்கு பி.இ.யில் இரண்டு பாடம் தேறாமல் பேக்லாக்காக நிற்கிறது. நாத்தனார் பையனோ மான்யதா டெக் பார்க்குக்கு வேலைக்குப் போகிறான். இதற்கு நடுவில் மாரத்தஹள்ளியில் ஒரு ஏஜெண்ட், "ஒன் சிட்டிங்கில், ஒரே தடவையில் டிகிரி, பழைய தேதி போட்டே தருகிறேன்" என்று சொல்ல, 20,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டீர்கள். "எல்லாரும் பண்றாங்களே, தப்பாங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்புதான் அம்மா. ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை.

போன வருடம் ஒரு பையன் என்னைப் பார்க்க வந்தான். ஒயிட்ஃபீல்டில் எட்டு மாதம் வேலை பார்த்தவன். நன்றாக வேலை செய்வான், மேனேஜருக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஒரு நாள் மதியம் எச்.ஆர். கூப்பிட்டு, லேப்டாப்பையும் ஐடி கார்டையும் வாங்கிக்கொண்டு, கேட் வரை கூடவே வந்து வெளியே விட்டுப் போய்விட்டார்கள். அவன் கொண்டுவந்த பிளாஸ்டிக் ஃபைலில் அவனுடைய போலி டிகிரிச் சான்றிதழ் லேமினேட் செய்யப்பட்டு இருந்தது. "லேமினேஷன் அம்மா பண்ணது மேடம்" என்றான். அது போலி என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. மகன் பட்டம் வாங்கிவிட்டான் என்று சாமி படத்துக்குக் கீழே வைத்து, ஒரு மூலையில் குங்குமம் தொட்டு வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் மேல் அந்தப் பொட்டு அப்படியே காய்ந்து கிடந்தது. அடுத்த வேலையைப் பற்றி அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்கத்தான் வந்திருந்தான்.

எட்டு மாதம் கழித்து எப்படிப் பிடித்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனை, அதாவது சான்றிதழ் சரிபார்ப்பை, பெரும்பாலும் கம்பெனி தானே செய்வதில்லை, வெளி ஏஜென்சியிடம் கொடுத்துவிடும். அவர்கள் பதிவு எண்ணையும் சான்றிதழ் நகலையும் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பி, கட்டணம் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். பதில் வரச் சில வாரமும் ஆகும், சில மாதமும் ஆகும். அதற்குள் பையன் சேர்ந்து சம்பளமும் வாங்கியிருப்பான். "என் ஃப்ரெண்டு மாட்டவே இல்லை" என்று உங்கள் மகன் சொல்கிறானே, அந்த நண்பர்களில் எத்தனை பேருக்கு இன்னும் பதில் வராமல் இருக்கிறதோ. ஒரு தடவை தப்பித்தாலும் அதோடு விடாது. வேறு கம்பெனிக்கு மாறினால் மறுபடி சரிபார்ப்பார்கள். வங்கி மாதிரியான கிளையண்ட் வேலைக்குப் போட்டால் அங்கேயும் கேட்கலாம். நாளைக்குக் கனடா போக ஆசைப்பட்டு வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் டபிள்யூ.இ.எஸ். நிறுவனத்திடம் கொடுத்தால், மதிப்பெண் விவரத்தைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். ஏஜெண்ட் அங்கே என்ன செய்ய முடியும்?

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்வி நிறுவனத்தில் மாணவர் சேர்க்கைக்கே தலைவராக இருந்தவர் மேரிலீ ஜோன்ஸ். 1979-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, தான் வாங்காத பட்டங்களை வாங்கியதாக எழுதிக் கொடுத்திருந்தார். 28 வருடம் நல்ல பெயரோடு வேலை பார்த்தார். 2007-ல் அது வெளியே வந்து பதவி விலகினார். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. 28 வருடம் அந்த அம்மாள் ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பாரா?

ஏஜெண்ட் தரும் டிகிரி இரண்டு வகை. ஒன்று, நிஜப் பல்கலைக்கழகத்தின் பெயரில் அச்சடித்த போலி. இன்னொன்று, பட்டம் கொடுக்கும் உரிமையே இல்லாத இடத்தின் தாள். 1956-ம் வருட யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22-வது பிரிவுப்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றச் சட்டம் அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் தர முடியும். போலிகளின் பட்டியலை யு.ஜி.சி. தன் இணையதளத்திலேயே போடுகிறது. நம் பெலகாவி மாவட்டத்துக் கோகாக்கில் ஒன்று, திருச்சி புத்தூரில் ஒன்று எனப் பல வருடம் அதில் இருந்தன. பெயரைக் கேட்டால் சர்க்கார் நடத்துவது போலவே இருக்கும், அதனால் பெயரை நம்பாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-வது பிரிவில், ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரித்தால் 7 வருடம் வரை சிறை. போலி என்று தெரிந்தே அதைக் கொடுத்தால், தயாரித்தவருக்கு உள்ள தண்டனையே என்கிறது 340-வது பிரிவு. ஏஜெண்ட் போனை அணைத்துவிட்டுப் போய்விடுவார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் உங்கள் பிள்ளை.

அந்த ஆள் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தால், அதையும் தொட வேண்டாம். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று வந்துவிடும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

முதலில் அந்த 20,000. அது போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை விடக்கூடாது என்று போய் அந்தத் தாளை வாங்கி வராதீர்கள். வீட்டில் அது இருந்தால் என்றைக்காவது அவசரத்துக்குக் கை அதன்மேல் போகும். ஏற்கெனவே எங்காவது அப்லோட் செய்திருந்தால் நண்பர்களிடம் யோசனை கேட்க வேண்டாம், உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அடுத்தது அந்த இரண்டு பாடம். ஊரில் அரியர், இங்கே பேக்லாக், எந்தப் பெயரில் சொன்னாலும் இரண்டே இரண்டு தாள். அதில் ஒன்று மூன்றாம் செமஸ்டர் கணக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு அங்கேதான் இடறுகிறது. படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகம் தரும் கால வரம்பு இன்னும் மீதி இருக்கிறதா, அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் எது என்று இந்த வாரமே கல்லூரியில் கேட்கச் சொல்லுங்கள். தினம் இரண்டு மணி நேரம், பழைய கேள்வித்தாள், சொல்லித்தர ஒரு நல்ல சீனியர் இருந்தால் போதும். ரெஸ்யூமேயில் "பி.இ., இரண்டு பாடங்கள் நிலுவை" என்று நேராக எழுதட்டும். சில கம்பெனிகள் கதவைச் சாத்தும். ஆனால் சின்ன கம்பெனிகளும் டெஸ்டிங், சப்போர்ட் வேலை தருகிறவர்களும் கை வேலையைப் பார்த்து எடுப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

கால வரம்பு தாண்டியிருந்தாலும் வழி இருக்கிறது. தொலைதூரக் கல்வி தரும் இக்னோவில் பி.சி.ஏ. படிக்கலாம், அது 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்த பல்கலைக்கழகம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் டேட்டா சயன்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டாம், ஆனால் அவர்களே வைக்கும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

இன்னொன்று அம்மா, கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சாப்பாட்டு மேஜையில் நாத்தனார் பையன் பெயரைக் கொஞ்ச நாளைக்கு எடுக்காதீர்கள். உங்கள் மகன் அந்த ஏஜெண்டைத் தேடிப் போனது சோம்பேறித்தனத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா ரிட்டயர் ஆவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றம் உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அவனுக்கு அது இன்னும் அதிகமாக இருக்கும்.

சனிக்கிழமை காலை என்னைப் பார்க்க அல்சூருக்கு அவனைக் கூட்டி வாருங்கள். எட்டு செமஸ்டர் மார்க்ஸ் கார்டும் வேண்டும், ஃபெயில் என்று இருப்பதையும் சேர்த்து.