1806 எட்டு ரியால்: போலிதான், ஆனால் எந்தக் காலத்துப் போலி?

கேள்வி: பழைய நாணயங்கள் சிலவற்றோடு ஸ்பானிய எட்டு ரியால் வெள்ளி நாணயம் ஒன்றும் வந்தது. ஆண்டு 1806, எடை 24.2 கிராம். மன்னரின் கன்னத்திலும் தோளிலும் செம்பு நிறம் தெரிகிறது. போலி என்கிறார்கள். வைத்துக்கொள்ளலாமா?

பதில்: போலியேதான். நல்ல எட்டு ரியால் 27 கிராமை ஒட்டி நிற்கும். தேய்மானத்தால் மட்டும் மூன்று கிராம் போவது அரிது. ஆனாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சந்தையில் செலவழிக்க அன்றைக்கே அடித்த கள்ள நாணயம் வேறு, சேகரிப்பவரை ஏமாற்ற இன்றைக்கு அடிப்பது வேறு. முன்னது வரலாற்றுச் சான்று. அதை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு.

முதலில் தண்ணீரில் நிறுத்துப் பாருங்கள். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து அளவைப் பூச்சியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு காட்டும் எண்ணால் 24.2-ஐ வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். இந்த நாணயத்தின் வெள்ளிக்கு அது 10.3 அளவில் வரவேண்டும். தராசு 2.7 காட்டினால் விடை ஏறக்குறைய 9, உள்ளே செம்பு. எக்ஸ்ரே கருவியில் காட்டினால் போதுமே என்பார்கள். அது மேற்பரப்பை மட்டுமே படிப்பதால், கனத்த முலாம் பூசிய நாணயத்தை வெள்ளி என்றே சொல்லிவிடலாம்.

நீங்கள் சொன்னதில் எனக்கு நம்பிக்கை தருவது அந்தக் கன்னமும் தோளும்தான். பல கைகள் மாறினால் மேடான இடங்களில்தான் முதலில் வெள்ளி தேயும். இன்றைய போலிகளில் பெரும்பாலும் பள்ளங்களில் கறுப்புச் சாயம் அப்பியிருக்கும், மேடுகளோ கூர்மையாகவே இருக்கும். இருந்தாலும் தேய்மானத்தை மட்டும் நம்ப முடியாது. போலி நாணயம் அடிப்பதில் கைதேர்ந்தவரும் 1830-இல் இறந்தவருமான ஜெர்மானியர் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர், தான் அடித்தவற்றை இரும்புத்தூளும் கொழுப்பும் நிறைந்த பெட்டியில் போட்டு, வண்டியின் அச்சில் கட்டி ஓட்டியே பழமை ஏற்றியவர்.

அடுத்து, செம்பு தெரியும் இடத்தின் ஓரத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். வெள்ளி ஒரு தகடுபோலத் தடிப்பாக விளிம்பு காட்டினால், அது செம்பின்மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டிய பழைய முறை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1740-களிலேயே அது வந்துவிட்டது. ஓரம்வரை சீராக மெல்லிய படலமாக இருந்தால் மின்முலாமாக இருக்கலாம். அது 1840-க்குப் பிறகே தொழிலாகப் பரவியது. அப்படியிருந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். இந்த நாணயம் அமெரிக்காவில் 1857 வரை சட்டப்படி செல்லுபடியானது. ஆகவே 1806 என்று பொறித்ததை 1845-இல் அடித்துப் புழக்கத்தில் விட்டிருக்கவும் கூடும்.

தேய்த்துக் கழுவாதீர்கள், அமிலமும் வேண்டாம். எஞ்சிய முலாம் போனால் சான்றும் போய்விடும். எடை, அடர்த்தி, விளிம்பின் படம் எல்லாவற்றையும் குறித்து, உறையில் ‘கள்ள நாணயம்’ என்று தெளிவாக எழுதி வையுங்கள். விற்க நேர்ந்தால் அந்தச் சொல்லோடேயே விற்க வேண்டும்.