வாசகர் கேள்வி–பதில்: விழும் துளியைப் படம் பிடித்தல்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, சமையலறைக் குழாயிலிருந்து சொட்டும் நீரைத் தட்டில் விழச் செய்து, தனிப் பிளாஷ் பொருத்திய கேமராவால் ஏறக்குறைய முந்நூறு படங்கள் எடுத்துவிட்டேன். பிளாஷ் போட்டால் ஷட்டரை (ஒளி புகத் திறந்து மூடும் திரையை) 1/200 நொடியைவிட வேகமாக்கக் கேமரா இடம் தருவதில்லை. வெளிச்சம் போதவில்லையோ என்று பிளாஷை முழு ஆற்றலில் வைத்தும் பார்த்தேன். துளி உருண்டையாகப் பதியாமல் வெள்ளைக் கோடாக இழுபட்டே பதிகிறது. வேகமான ஷட்டர் கொண்ட, விலை உயர்ந்த கேமரா வாங்கினால்தான் இது கைகூடுமா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கேமராவை மாற்ற வேண்டாம், பிளாஷின் ஆற்றலைக் குறையுங்கள். முரணாகத் தோன்றினாலும் தங்கள் சிக்கலுக்குத் தீர்வு அதுதான். இருட்டிய அறையில் துளியை நிறுத்துவது ஷட்டர் அன்று, பிளாஷ் மின்னும் கால அளவே. ஷட்டர் ஒரு நொடி முழுவதும் திறந்தே இருந்தாலும், பிளாஷ் மின்னிய அந்த இமைப்பொழுதில் துளி எங்கே இருந்ததோ அங்கே மட்டுமே அது பதியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி தட்டைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர் வேகத்தில் இருக்கும். சாதாரணத் தனிப் பிளாஷ் முழு ஆற்றலில் 1/1000 நொடி அளவுக்கு, சிலவற்றில் அதைவிடவும் நீண்ட நேரம், எரிகிறது. அதற்குள் துளி 2.8 மி.மீ. நகர்ந்துவிடும். துளியின் குறுக்களவே நாலரை மி.மீ. அளவுதான் என்பதால், தன் உடலில் பாதிக்கு மேல் அது இழுபட்டுப் பதிகிறது. தாங்கள் கண்ட வெள்ளைக் கோடு இதுதான். இத்தகைய பிளாஷ்களில் ஆற்றலைக் குறைப்பது என்றால் விளக்கை மங்கச் செய்வது அன்று, விரைவில் அணைப்பது. ஆகவே 1/32 ஆற்றலில் ஒளி 1/20000 நொடியை ஒட்டிய அளவுக்குச் சுருங்கும், துளி 0.14 மி.மீ.தான் நகரும். குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்டப் பிளாஷைக் கேமராவின் தலையிலிருந்து கழற்றித் தட்டின் அருகே கொண்டுசெல்லுங்கள். 180 செ.மீ. தொலைவில் இருந்ததை 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் 36 மடங்காகும் என்பதால், இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்துவிடும். ஷட்டர் 1/200 நொடியிலேயே இருக்கட்டும். லென்ஸின் துளை அளவு எஃப் 11, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 200 என்று தொடங்கி, அறை விளக்குகளை அணைத்துவிட்டு எடுங்கள். அறையில் வேறு வெளிச்சம் மிகுந்திருந்தால் கூர்மையான துளிக்கு அருகில் ஆவி போல ஒரு நிழலுருவமும் பதியும்.

சமையலறைக் குழாயை விட்டுவிடுங்கள். வாஷர் தேய்ந்த குழாய்க்குத் தாளக்கட்டு கிடையாது. மருந்துக் கடையில் கிடைக்கும் டிரிப்ஸ் செட் ஒன்றை வாங்கி, நீர் நிரப்பிய பாட்டிலில் மாட்டி ஸ்டாண்டில் தொங்கவிடுங்கள். பெரியவர்களுக்கான செட்டில் பெரும்பாலும் 20 துளிகள் சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர் என்பதால் துளிகள் ஒரே அளவில் விழும். சக்கரத்தைத் திருகி நொடிக்கு ஒன்றாக அமைத்துக்கொள்ளலாம். துளி விழும் இடத்தில் ஒரு பென்சிலை நிறுத்தி அதன் முனையில் குவியத்தை (ஃபோகஸை) அமைத்து, தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட்டுப் பென்சிலை எடுத்துவிடுங்கள். துளி கிளம்பியதிலிருந்து தட்டைத் தொட 0.29 நொடிதான் ஆகிறது. பார்த்த பிறகு விரலை அழுத்தினால் பெரும்பாலும் பிந்திவிடும். ஆகவே கண்ணை நம்பாமல் சொட்டின் தாளத்தைக் காதில் வாங்கிக்கொண்டு அடுத்த சொட்டுக்கு முந்திக்கொண்டு அழுத்துங்கள். இருபது படங்களில் ஒன்று தேறினாலே நல்ல கை என்பேன்.

தங்கள் ஊருக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஆனி, ஆடி மாதங்களில் சன்னல் இடுக்கில்கூட நுழையும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது துளி எம்மாத்திரம்? அது அரை விரல்கடை விலகினாலே குவியத்திலிருந்து தப்பிவிடும். மின்விசிறியை நிறுத்திச் சன்னலைச் சாத்துங்கள். போதாவிட்டால் துளி வரும் வழியின் மேற்பகுதியைச் சுற்றி அட்டைக் குழாய் ஒன்றை நிறுத்துங்கள்.

கேள்வி: பால் துளி விழுந்து கிரீடம்போல் எழும் படத்தை எடுக்க முயல்கிறேன். எழுவது என்னவோ எழுகிறது. ஆனால் முனைகள் ஒன்றுபோல் இல்லாமல் ஒரு பக்கம் சரிந்தும் மறுபக்கம் நீண்டும் இருக்கின்றன. என்ன தவறு செய்கிறேன்?
— வாசகி, செங்கோட்டை

பதில்: தவறு ஏதுமில்லை, அம்மா. கிரீடம் உண்மையில் அப்படித்தான் இருக்கும். ஆர்தர் வொர்திங்டன் என்னும் ஆங்கிலேய இயற்பியலாளர் 1870களில் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள், இருட்டறையில் மின்பொறியின் ஒளியில் தெறிப்பைக் கண்ணால் கண்டு, கண்டதைக் கையால் வரைந்துவந்தார். அந்த ஓவியங்களில் முனைகள் எண்ணி வைத்தாற்போலச் சீராக இருந்தன. 1890களில் அதே தெறிப்புகளைப் புகைப்படமாக எடுத்தபோது, முனைகள் கோணலும் மாணலுமாக நின்றன. கோணலைக் கண் முன்பும் கண்டிருக்க வேண்டும். கைதான் அதைப் பிழை என்று தள்ளிவிட்டுச் சீரான வடிவத்தை வரைந்திருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹெரால்டு எட்கர்டன் 1957இல் சிவப்புப் பின்னணியில் எடுத்த பால் கிரீடம் இன்றும் பேசப்படுகிறது. அதனை உற்றுப் பார்த்தால் அதிலும் முனைகள் அச்சில் வார்த்தவை அல்ல. கணினியில் முனைகளைச் சமன்செய்து அனுப்பப்படும் படங்கள் எனக்கு வருவதுண்டு. அவற்றை நான் தேர்ந்தெடுப்பதில்லை.

கிரீடத்துக்குப் பால் ஆழமாக இருக்கக் கூடாது. தட்டில் ஓரிரு மி.மீ. மெல்லிய படலமாகப் பரப்பி, ஒவ்வொரு துளிக்குப் பின்னும் ஆடல் அடங்கும்வரை பொறுத்திருங்கள். கிண்ணத்தில் நாலைந்து செ.மீ. ஆழம் இருந்தால் முதலில் பள்ளம் விழுந்து, அது மூடிக்கொள்ளும்போது நடுவிலிருந்து ஒரு தூண் எழும். அதற்கு வொர்திங்டனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எழும் தூணின் தலையில் அடுத்த துளி மோதினால் குடை விரியும். நீரில் சிறிது கிளிசரின் கலந்தால் பாகுத்தன்மை கூடி, தூணும் குடையும் எளிதில் சிதறாமல் நிற்கும்.

கேள்வி: மழைத்துளியைக் கண்ணீர்த்துளி போல மேலே கூராக வரைகிறோம். என் படங்களில் அந்தக் கூர்முனை வரவே இல்லையே?
— பள்ளி மாணவர், குமுளி

பதில்: வராது, தம்பி. பரப்பு இழுவிசை சிறு துளியை உருண்டையாக்கிவிடும். பெரிய மழைத்துளியோ காற்று கீழிருந்து தள்ளுவதால் அடி தட்டையான பன் ரொட்டி போலாகும். இன்னும் பெருத்தால் உடைந்துவிடும். குழாயின் வாயை விட்டுப் பிரியும் அந்த ஒரு கணத்தில் மட்டும் துளிக்கு வால் உண்டு.

கேள்வி: என்னிடம் செல்பேசி மட்டுமே உள்ளது. பாலருவியின் தெறிப்பைத் துளித்துளியாக எடுக்க முடியுமா?
— வாசகர், ஆரியங்காவு

பதில்: வெயில் இருந்தால் முடியும். நல்ல வெயிலில் எஃப் 1.8 லென்ஸும் ஐ.எஸ்.ஓ. 100உம் இருந்தால் ஷட்டர் 1/8000 நொடிவரை செல்லலாம். தொலைவில் தெறிக்கும் நீரை உறைய வைக்க 1/1000, 1/2000 நொடியே பெரும்பாலும் போதும். புரோ முறைக்கு மாற்றி ஷட்டரைத் தாங்களே அமைக்க வேண்டும். தானியங்கி முறையில் விட்டால் செல்பேசி தன் விருப்பப்படி நீரைக் குழைத்துவிடும். செல்பேசியின் எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அது பிளாஷ் போல் சுருங்கிய நேரம் மின்னாமல் நீண்டு எரிவது. சாரல் காலத்தில் மரநிழலுக்கும் மேகத்துக்கும் இடையே வெளிச்சம் கிடைப்பது அரிது. ஆகவே மழை ஓய்ந்து நீர் வற்றுவதற்கு முன், தெறிப்புக்குப் பின்னாலிருந்து வெயில் விழும் நேரம் பார்த்துச் செல்லுங்கள். அப்போது துளிகள் கரும்பாறையின் முன் தனித்தனியே ஒளிரும். லென்ஸைத் துடைக்கக் காய்ந்த பருத்தித் துணி இரண்டாவது கையோடு இருக்கட்டும். ஒன்று பத்து நிமிடத்தில் நனைந்துவிடும்.