நாள்பட்ட வலிக்காக கிளினிக் போனால் ரிசப்ஷனில் எரிந்து விழுகிறார்கள், எப்படிச் சமாளிப்பது?

உங்கள் வலி உண்மையானது, அதில் சந்தேகமே வேண்டாம். 3 மாதத்துக்கு மேல் நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ அது நாள்பட்ட வலி; உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் அதற்குத் தனிக் குறியீடே உண்டு. ஆனால் எக்ஸ்ரேயில் பல நேரம் ஒன்றும் தெரியாது. அதனால்தான் கவுன்ட்டரில் இருப்பவருக்கு நம்பிக்கை வருவதில்லை. வலுவான வலி மாத்திரைகளுக்குக் கட்டுப்பாடும் அதிகம், அந்தக் கெடுபிடி உங்கள் மேல் விழுகிறது.

போனில் "வலி தாங்க முடியல" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நேற்றிலிருந்து 10 நிமிஷம்கூட உட்கார முடியவில்லை, மாத்திரை வெள்ளிக்கிழமையோடு தீர்கிறது, டாக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். பேசியவர் பெயர், தேதி, கிடைத்த பதில் மூன்றையும் குறித்து வையுங்கள். மாத்திரை தீர்ந்தபின் கூப்பிடாமல், ஒரு வாரக் கையிருப்பு இருக்கும்போதே கேளுங்கள். பல மருந்துகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

அவமரியாதை தொடர்ந்தால் டாக்டரிடமே நேரில் சொல்லுங்கள். முன்பக்கம் நடப்பது பல டாக்டர்களுக்குத் தெரிவதே இல்லை. அதற்கும் பலனில்லை என்றால் நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்; குறித்து வைத்த தேதிகள் அப்போது உதவும்.