வாசகர் கேள்வி – பதில்: பழைய குற்றவாளி கேட்கும் நியாயம்

கேள்வி: அண்மையில் கும்பகோணத்தில் ஒரு குற்றப் படம் பார்த்தேன். சிறையிலிருந்து திரும்பி வயல் வேலை செய்து பிழைக்கும் முன்னாள் ரவுடி ஒருவன், தம்பி கொலை செய்யப்பட்டதைப் பற்றிப் புகார் கொடுக்கப் போகிறான். அவனுடைய பழைய வழக்குகளைச் சொல்லிக்காட்டிக் காவல் நிலையத்தில் விரட்டிவிடுகிறார்கள். அவன் அரிவாளை எடுக்கிறான். சட்டப்படி அவனுக்கு வேறு வழியே கிடையாதா?
– வாசகர், திருவிடைமருதூர்

பதில்: நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். வழி உண்டு. கொலை நடந்ததாகத் தகவல் கொடுப்பவர் யாராக இருந்தாலும், அவருடைய கடந்த காலம் எப்படிப்பட்டதாக இருந்தாலும், காவல் நிலையம் அதைப் பதிவு செய்தாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பழைய சட்டத்தில் இது 154-ஆம் பிரிவாக இருந்தது. பதிய மறுத்தால் புகாரை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (எஸ்.பி.)த் தபாலில் அனுப்பலாம்; அங்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். (பதிவுத் தபால் அனுப்பும் காட்சிக்கு எந்தக் கொட்டகையிலும் விசில் பறக்காது என்பது இயக்குநருக்குத் தெரியாததன்று.)

ஆனால் இயக்குநர் தவறவிட்டது தபால் நிலையத்தை அன்று, சாட்சிக் கூண்டை. தம்பிக்காகச் சாட்சி சொல்ல வரும் அந்த மனிதனைக் குறுக்கு விசாரணை செய்யும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அவன் சொல் நம்பத்தக்கதன்று என்று காட்டுவதற்காகப் பழைய தண்டனைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். அவன் ஒவ்வொன்றுக்கும் 'ஆமாம்' என்று ஒப்புக்கொண்டபடியே, இந்த ஒரு செய்தியில் மட்டும் தன்னை நம்பும்படி கேட்டு நிற்க வேண்டியிருக்கும். அரிவாளைவிடக் கூர்மையான காட்சி அது.

கேள்வி: 'மகாநதி' நாயகனும் நம் காவிரிக் கரையிலிருந்து போய்ச் சிறை கண்டவர்தானே? தம்பிக்காக அரிவாள் எடுக்கும் அந்த முன்னாள் ரவுடியை அவரோடு ஒப்பிடலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வேற்றுமை தெரிவதற்காக ஒப்பிடலாம். 1994 பொங்கலுக்கு வந்த, சந்தான பாரதி இயக்கிய அந்தப் படத்தில் கமல்ஹாசன் ஏற்ற கிருஷ்ணசாமி, சென்னையில் சீட்டு நிறுவன மோசடிக்காரர்களிடம் ஏமாந்து சிறை சென்றவர். குற்றமற்றவர் என்பதால் நம் இரக்கம் கேட்காமலே அவரிடம் போய்விடுகிறது. உண்மையாகவே கத்தி எடுத்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதிலும் டெல்டாவில், ஒரே வாய்க்கால் தண்ணீரில் பயிர் செய்யும் ஊரில், அவன் கையால் மகனை இழந்த தாய் அடுத்த தெருவிலேயே இருப்பாள். தம்பிக்கு நியாயம் கேட்டு அவன் கிளம்பும்போது அவள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். இந்தப் புதிய படத்தில் அப்படியொரு தாய் உண்மையிலேயே வருகிறாள், திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு வசனம்கூட எழுதப்படவில்லை.