'யுலிசஸ்' நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டதா?

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாண்டு. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசஸ்' நாவலில் நாற்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. கைடு படித்தால் தேர்ச்சி பெற்றுவிடலாம்தான், ஆனால் நாவல்களே எனக்குப் புரிய வேண்டும். எதிலிருந்து தொடங்குவது? நவீனத்துவத்தையும் பின்நவீனத்துவத்தையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: மூன்றாம் அத்தியாயத்தில் கவிழ்ந்திருப்பீர்கள். அங்கே கவிழாதவர்கள் குறைவு. ஜாய்ஸை ஓரமாக வைத்துவிட்டு, நவீனத்துவத்துக்கு வர்ஜீனியா உல்ஃபின் 'மிசஸ் டாலோவே'யை (1925) எடுங்கள். லண்டனில் ஜூன் மாதத்து ஒரே நாள். காலையில் கிளாரிசா பூ வாங்கக் கிளம்புகிறாள், இரவு அவள் வீட்டில் விருந்து. கதை அவ்வளவுதான்.

பென்சிலோடு உட்காருங்கள். பார்வை ஒருவர் மனத்திலிருந்து இன்னொருவர் மனத்துக்குத் தாவும் இடத்தில் எல்லாம் ஒரு கோடு போடுங்கள். கிளாரிசா பூக்கடைக்குள் நிற்கும்போது தெருவில் ஒரு கார் வெடிபோல் சத்தமிடும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நாவல் அவளை விட்டுவிட்டு, போரில் மனம் சிதைந்த செப்டிமஸிடம் போய்விடும். அவர்கள் இருவரும் கடைசிவரை சந்திப்பதே இல்லை.

கைடுகள் இதை 'நனவோடை' (மனத்தில் ஓடும் எண்ணங்களை ஓடுகிறபடியே எழுதுவது) என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. உல்ஃப் பெரும்பாலும் 'அவள்' என்ற படர்க்கையை விடுவதில்லை. இலக்கணம் கதைசொல்லியுடையது, குரல் கிளாரிசாவுடையது. 'யுலிசஸ்' கடைசி அத்தியாயத்தில் நாயகன் புளூமின் மனைவி மோலி, நிறுத்தக்குறி ஏறக்குறைய இல்லாமலே, 'நான்' என்று பேசிக்கொண்டே போகிறாள். இரண்டிலும் ஒவ்வொரு பக்கம் அருகருகே வைத்துப் படித்தால் பாதிப் பாடம் முடிந்தது.

பின்நவீனத்துவத்துக்கு ஜே. எம். கூட்ஸியின் 'ஃபோ' (1986). தென்னாப்பிரிக்காவில் எழுதப்பட்டது, சிறிய நாவல். ஆனால் டேனியல் டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ'வை (1719) முதலில் படித்திருக்க வேண்டும். குரூசோ ஒதுங்கிய தீவில் சூசன் என்றொரு பெண்ணும் இருந்ததாகக் கூட்ஸி எழுதுகிறார். அவள் தன் கதையை எழுத்தாளர் ஃபோவிடம் எழுதக் கொடுக்கிறாள். அவரோ அதைத் தம் இஷ்டத்துக்கு வளைக்கப் பார்க்கிறார். குரூசோவின் வேலையாள் ஃபிரைடேக்கு இங்கே நாக்கே இல்லை. உல்ஃப் ஒரு மனத்துக்குள் எப்படி நுழைவது என்று கேட்டார் என்றால், கூட்ஸி நுழைய உனக்கு யார் உரிமை கொடுத்தது என்கிறார். வேறுபாட்டை நான் பிடித்துக்கொண்டது இந்த இடத்தில்தான்.

எல்லா நூலும் இந்த இரண்டு பெட்டியில் அடங்காது. டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸின் 'வைட் சர்காசோ ஸீ' (1966), சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' நாவலில் நாயகன் மாடியில் அடைத்துவைத்த மனைவியின் கதை. எந்தப் பெட்டி என்று தேர்வில் கேட்டால் இரண்டு பக்கத்து வாதத்தையும் எழுதுங்கள்.

பிறகு 'யுலிசஸ்' திறக்கலாம், ஆனால் நான்காம் அத்தியாயத்திலிருந்து. புளூம் மனைவிக்குக் காலை உணவு தயார் செய்கிறார், காலடியில் பூனை. அது கத்தும் ஒவ்வொரு முறையும் ஜாய்ஸ் எழுத்தைக் கூட்டியிருப்பார். ஏன் என்று உங்கள் நோட்டில் நாலு வரி எழுதிவிட்டு அடுத்த பக்கம் போங்கள்.