பெட்டியில் உள்ள பெயர் வேண்டாம், சிப்பின் பெயரைப் பாருங்கள்

கேள்வி: மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு தமிழாசிரியை எழுதுகிறார். "2019இல் வாங்கிய மேசைக் கணினி. விண்டோஸ் 10க்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்பதால், அண்ணன் மகன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து யூஎஸ்பி வைஃபை ஸ்டிக் வேலை செய்யவில்லை. பெட்டியில் ஒரு குட்டி சீடி இருக்கிறது. ஆனால் கணினியில் சீடி டிரைவே இல்லை. போனில் வைஃபை நன்றாக வருகிறது. பள்ளியில் ஒருவர் 'டிரைவர் அப்டேட்டர்' ஒன்றை இறக்கிப் போடச் சொல்கிறார். போடலாமா? வினாத்தாளை இந்த வாரமே அனுப்பியாக வேண்டும்."

பதில்: போடாதீர்கள். தேடும்போது முதலில் விளம்பரமாக வந்து நிற்கும் அப்டேட்டர்கள் பெரும்பாலும் "நாற்பது கோளாறு இருக்கிறது" என்று பயம் காட்டிப் பணம் கேட்பவை. சில கேட்காத மென்பொருள்களையும் சேர்த்து இறக்கிவிடும். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு டிரைவர். அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை.

வினாத்தாள் அவசரம் என்பதால் முதலில் அதை முடிப்போம். உங்கள் போன் ஆண்ட்ராய்டு என்றால், சார்ஜ் கேபிளால் அதைக் கணினியில் செருகுங்கள். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கத்துக்குப் போய் 'யூஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். இதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது, அதனால் சில நொடிகளில் கணினிக்கு இணையம் வந்துவிடும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அந்த வைஃபையைத்தான் கேபிள் வழியாகக் கொடுக்கும். மொபைல் டேட்டாவை அணைத்து வைத்துவிட்டால் ரீசார்ஜ் கரையுமோ என்ற கவலையும் இல்லை. ஐபோன் என்றால் கணினியில் ஆப்பிளின் மென்பொருளும் தேவைப்படலாம். வீட்டில் வேறு யாருடைய ஆண்ட்ராய்டையாவது அரைமணி நேரம் கடன் வாங்குவது சுலபம். கேபிளில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிளில் டெதரிங் பொத்தான் மங்கலாகவே கிடக்கும். போனோடு வந்த கேபிளை எடுங்கள்.

சரி, இனி ஸ்டிக்.

டிரைவர் என்பது ஒரு துபாஷி. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கும் நம்மவருக்கும் நடுவில் நின்று பேசினாரே, அந்தத் துபாஷிதான். விண்டோஸ் சொல்வது சிப்புக்குப் புரியாது, சிப் சொல்வது விண்டோஸுக்குப் புரியாது. பழைய விண்டோஸை அழித்தபோது துபாஷியும் போய்விட்டார். ஸ்டிக் கெட்டுப்போயிருக்க வேண்டிய அவசியமில்லை.

இப்போது 'டிவைஸ் மேனேஜர்' என்ற ஜன்னலைத் திறக்க வேண்டும். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் பட்டியலில் இருக்கும். நம் ஊரில் பல கணினிகளில் விண்டோஸ் பிரெஞ்சில் இருக்கும். அங்கே இதன் பெயர் வேறு, இடம் மட்டும் அதேதான். அதில் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை. பாதிப் பேர் இதைப் பார்க்காமலேயே கண்ணில் பட்ட டிரைவரையெல்லாம் இறக்கிப் போட்டு, இருந்த குழப்பத்தை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள்.

'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். விண்டோஸுக்கு ஸ்டிக் தெரிகிறது, பேசத்தான் ஆள் இல்லை. அதை இரட்டைக் கிளிக் செய்தால் 'கோட் 28' என்று இருக்கும். டிரைவர் நிறுவப்படவில்லை என்று அர்த்தம். உங்கள் கணினியில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். டெதரிங் இணைப்பு இருக்கும்போதே செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போங்கள். அங்கே டிரைவர் அப்டேட் பகுதியில் ரியல்டெக், மீடியாடெக் மாதிரி ஒரு பெயரோடு ஏதாவது இருந்தால் அதை டிக் செய்து இறக்குங்கள். பல ஸ்டிக்குகளுக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும். நிறுவிய பிறகு 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி ஆன் செய்வதைவிட 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் விண்டோஸ் ஷட் டவுனில் முழுசாகத் தூங்குவதில்லை, பாதி நினைவை வைத்துக்கொண்டு எழும். ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும்.

அங்கே ஒன்றும் கிடைக்கவில்லையா? இங்கேதான் தலைப்பில் சொன்ன விஷயம். பெட்டியில் அச்சடித்த பிராண்டை வைத்து டிரைவர் தேடாதீர்கள். வைஃபை சிப்பைச் செய்பவை சில நிறுவனங்கள்தான். அவற்றை வாங்கி, மேலே பிளாஸ்டிக் போட்டு, தங்கள் பெயரில் விற்பவர்கள் ஏராளம். இன்னும் மோசம், ஒரே மாடலுக்குள்ளேயே சிப் மாறும். டிபி-லிங்க்கின் டபிள்யூஎன்722என் என்ற பிரபலமான ஸ்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பில் அதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது, இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப் வந்தது. வெளியே அதே பெயர், அதே உருவம். ஒன்றின் டிரைவர் மற்றதற்கு ஆகாது. ஸ்டிக்கின் முதுகில் பொடி எழுத்தில் 'வெர்' என்று ஒரு எண் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் அந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுத்த பிறகே இறக்க வேண்டும்.

பெயரே இல்லாத ஸ்டிக் என்றால் சிப்பையே கேட்டுவிடலாம். டிவைஸ் மேனேஜரில் அந்த மஞ்சள் முக்கோணத்தின் பிராப்பர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ், கீழிறங்கும் பட்டியலில் 'ஹார்ட்வேர் ஐடீஸ்'. அங்கே விஐடி என்பதற்குப் பின் நான்கு எழுத்து, பிஐடி என்பதற்குப் பின் நான்கு எழுத்து இருக்கும். முதல் நான்கு நிறுவனத்தைக் காட்டும், அடுத்த நான்கு பொருளை. 0பிடிஏ (0BDA) என்றால் ரியல்டெக். 148எஃப் என்றால் ராலிங்க், 2011இல் மீடியாடெக் வாங்கிக்கொண்ட நிறுவனம். உதாரணத்துக்கு 148எஃப், 7601 என்று வந்தால் அது எம்டி7601யூ என்ற சிப், பெயரில்லாத மலிவு ஸ்டிக்குகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் பெரிய பிராண்டுகள் சில தங்கள் சொந்த எண்ணைப் போட்டுவிடும். அப்படி வந்தால் பிராண்டின் தளத்துக்கே போங்கள். மைக்ரோசாஃப்டின் 'அப்டேட் கேட்டலாக்' தளத்திலும் இந்த எண்ணைக் கொடுத்துத் தேடலாம்.

இறக்கியது ஜிப் கோப்பாக இருந்து, உள்ளே செட்டப் எதுவும் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். ஒரு ஃபோல்டரில் விரித்து வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஸ்டிக்கின் மேல் வலது கிளிக், 'அப்டேட் டிரைவர்', பிறகு 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்'. அந்த ஃபோல்டரைக் காட்டினால் உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் கோப்பை விண்டோஸே கண்டுபிடித்துக்கொள்ளும். 'விண்டோஸ் 10, 64 பிட்' என்று மட்டும் போட்டிருந்தால் தயங்காமல் முயன்று பாருங்கள், பெரும்பாலும் 11இலும் ஓடும். 32 பிட் டிரைவர் ஓடாது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

குட்டி சீடியை மறந்துவிடலாம். வேறு கணினியில் போட்டு பென்டிரைவுக்கு மாற்றுவது முடியாத காரியம் இல்லைதான். ஆனால் அதில் இருப்பது பெட்டி அச்சடித்த காலத்து டிரைவர்.

டிவைஸ் மேனேஜரில் ஸ்டிக் எங்குமே இல்லையென்றால்? 'திஸ் பிசி'யைத் திறந்து பாருங்கள். ஸ்டிக் செருகியதும் புதிதாக ஒரு சீடி டிரைவ் முளைத்திருக்கிறதா? சில ஸ்டிக்குகள் முதலில் தங்களை ஒரு சீடி என்று அறிமுகம் செய்துகொள்ளும். உள்ளேயே டிரைவரை வைத்துக்கொண்டு வரும் ரகம் அது. அந்தச் சீடியைத் திறந்து செட்டப்பை ஓட்டினால், வேடத்தைக் கலைத்துவிட்டு வைஃபையாக மாறும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் யாரும் பெட்டியில் தெளிவாக எழுதுவதில்லை. அந்தச் சீடியும் தெரியவில்லை என்றால் கணினியின் பின்பக்கத்தில் வேறு துளையில் செருகிப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு, அதுவும் கியூர்பிப் பக்கம், யூஎஸ்பி முனை பச்சை பிடிப்பது சகஜம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்து, காயவைத்துச் செருகுங்கள். ஸ்டிக் கோளாறு காட்டியதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று சொல்லும் 'கோட் 43' வந்தாலும் முதலில் இதையே செய்யுங்கள். இன்னொரு கணினியிலும் அதே 43 என்றால் ஸ்டிக் செத்துவிட்டது.

இனி மூன்றாவது நிலை. 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' பட்டியலில் முக்கோணம் எதுவும் இல்லாமல் ஸ்டிக் ஒழுங்காக இருக்கிறது, வீட்டு வைஃபை பெயரும் தெரிகிறது, ஆனால் பாஸ்வேர்டு தவறு என்கிறது. இதில் நானே ஒருமுறை ஏமாந்தேன். வாக்குவாவில் ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் டிரைவரை நீக்குவதும் போடுவதுமாக இருந்தேன். கடைசியில் பார்த்தால் கீபோர்டு! புதிதாக விண்டோஸ் போட்டவர் பிரெஞ்சு கீபோர்டைத் தேர்ந்தெடுத்திருந்தார், மேசையில் இருந்ததோ ஆங்கிலக் கீபோர்டு. ஏ அடித்தால் க்யூ விழுகிறது, இசட் அடித்தால் டபிள்யூ. எண்களுக்கு ஷிஃப்ட் வேண்டும். பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத் தெரிவதால் யாருக்கும் புரியவில்லை. பாஸ்வேர்டு அடிக்கும் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தினால் அடித்தது அப்படியே தெரியும். டாஸ்க்பாரில் எஃப்ஆர்ஏ என்றிருந்தால் இஎன்ஜிக்கு மாற்றுங்கள். அன்றைக்குக் கூலி வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது.

உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை, பக்கத்து வீடுகள் தெரிகின்றன என்றால் அலைவரிசையைச் சந்தேகப்படுங்கள். பெட்டியில் '150' அல்லது '300 எம்பிபிஎஸ்', 'என்' என்று மட்டும் இருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த ஸ்டிக். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் தனிப் பெயரில் இருந்தால் அந்தப் பெயர் இதற்குத் தெரியவே தெரியாது. எந்த டிரைவரும் அதை மாற்ற முடியாது. பெயர் தெரிந்தும் இணையவே மறுத்தால் ரவுட்டரில் பாதுகாப்பு 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்று இருக்கிறதா பாருங்கள். பழைய ஸ்டிக்குகளுக்கு டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறை வேண்டும்.

இணைந்தும் அடிக்கடி அறுந்தால் இரண்டு காரணம். ஒன்று, மின்சாரம் மிச்சம் பிடிக்க விண்டோஸ் ஸ்டிக்கைத் தூங்கவைப்பது. ஸ்டிக்கின் பிராப்பர்ட்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கம் போய், இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். மற்றது நம் வீடுகள். 1960இல் அலிக்ஸ், கரோல் என்று அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்களுக்குப் பிறகு இந்தத் தீவு மரத்தையும் தகரத்தையும் விட்டுவிட்டுக் காங்கிரீட்டுக்கு மாறியது. புயலுக்கு நல்லது, வைஃபைக்குக் கெட்டது. கம்பி போட்ட சுவரும் தளமும் 5 கிகாஹெர்ட்ஸை 2.4ஐவிட அதிகமாக விழுங்கும். ரவுட்டர் கீழே, கணினி மாடியில் என்றால் 2.4ஐயே பயன்படுத்துங்கள்.

கணினியின் முதுகில், தகரப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஸ்டிக்கைச் செருகி வைப்பதும் தவறு. ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, ஸ்டிக்கை மேசை மேல் கொண்டுவாருங்கள். இன்னொன்று, நீல நிற யூஎஸ்பி 3 துளைகள் வேலை செய்யும்போது கிளம்பும் மின்இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே விழுகிறது. இன்டெல் 2012இல் இதைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது. பக்கத்துத் துளையில் வெளி ஹார்ட்டிஸ்க் ஓடும்போது மட்டும் வைஃபை படுத்தால் காரணம் இதுதான். '300' ஸ்டிக்குக்குக் கறுப்பு நிற யூஎஸ்பி 2 துளையே போதும்.

மிகப் பழைய டிரைவர்களில் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 11இல் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு சில டிரைவர்களை ஏற்காது. அதை அணைத்துவிட்டால் ஓடும் என்று சொல்பவர்கள் சொல்வார்கள். பள்ளிக் கோப்புகளும் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினியில் நான் அணைக்க மாட்டேன். அந்த நிலை வந்தால் வேறு ஸ்டிக் வாங்குவதே மேல். வாங்கும்போது இரண்டு அலைவரிசையும் உள்ளதா, விண்டோஸ் 11 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், இறக்கிய டிரைவரை ஒரு பென்டிரைவில் போட்டு, ஸ்டிக்கின் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அண்ணன் மகன் அடுத்த தடவை அழிக்கும்போது தேவைப்படும். ஹார்ட்வேர் ஐடியில் நான் சொன்ன இரண்டும் இல்லாமல் வேறு எண் வந்து, பிராண்டும் பிடிபடவில்லை என்றால், அந்த எட்டு எழுத்தையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். ஸ்டிக்கின் படம் வேண்டாம்.